கிணற்றுப் பங்காளி

எங்கள் கிணறு செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில், ரோட்டை விட்டு இரண்டு வயல் உள்ளே இருந்தது. கல் கட்டிய கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பங்காளிக்கு. பங்காளி என்றால் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். நான் கல்யாணமாகி வந்தபோதே இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. பேச்சு இல்லாவிட்டாலும் தண்ணீரில் தகராறு வந்ததில்லை. ஒரு நாள் அவர்கள் மாடு கட்டிக் கவலை ஓட்டி, சாலில் தண்ணீர் இறைப்பார்கள், மறுநாள் நாங்கள். மேற்கே மலை நிழல் வந்து கிணற்று மேட்டைத் தொட்டால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வீட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அன்று யாரும் கவலை கட்டக் கூடாது. முறை யாருடையதாக இருந்தாலும் சரி, பயிர் காய்ந்தாலும் சரி. என் வீட்டுக்காரர் செத்த அன்று பங்காளியின் முறை. அவர் நெல் கதிர் வாங்குகிற நேரம். பாதி பாய்ந்த வயலை அப்படியே விட்டுவிட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, பேச்சு இல்லாத எங்கள் வாசலில் வந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் முதல் மறுபடி பேச்சு இல்லை.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஒரு பெண் பிள்ளை. மாமனார் இருந்தார். கல்யாணமாகாத கொழுந்தனார் ஒருவர் இருந்தார். நிலம் ஒன்றரை ஏக்கர். இதெல்லாம் அறுபதுகளில். வருஷத்தைச் சரியாகச் சொல்ல எனக்கு வராது, மூன்றாவது வரைதான் படித்தேன். எங்கள் பக்கம் கரண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் கொழுந்தனார் கடைத்தெருவிலிருந்து வந்தார்.

“அண்ணி, பங்காளி பெரியவரு நெலத்த வித்துட்டாரு. கெணத்துல பாதியும் சேத்து.”

“யாருக்கு?”

“கம்பெனியாம். மெட்ராசு. ரைஸ்மில்லு கட்டப் போவுதாம்.”

“பேரு இன்னா?”

“நீட்டமா இருக்குது. கடைசில லிமிடெட்டுன்னு முடியுது.”

கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்தார். “லிமிடெட்டுன்னா இன்னா ஆளுங்கடா அவங்க?”

“தெரியல நைனா.”

“விசாரிச்சு வை. கெணத்துல பங்காளியா வரான். நல்லது கெட்டதுக்குப் போவணும், வரணும்.”

கம்பெனிக்கு முதலில் வந்த மேனேஜர் வயசானவர். வெற்றிலை போடுவார். குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மாமனார் முறையைச் சொன்னார். நிழல் கணக்கைச் சொன்னார். சாவு விழுந்தால் விடுவதையும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் சொன்னது: “அப்டியே ஆவட்டும் பெரியவரே. ஒரு நாள் வுட்டு ஒரு நாள்.” சொல்லிவிட்டு மாமனார் கையில் தன் கையை அடித்துக் கொடுத்தார். நானும் கொழுந்தனாரும் பக்கத்தில் நின்றோம்.

மில் கட்டினார்கள். புகைக்கூண்டு, நெல் ஊறப்போடுகிற தொட்டிகள், காயவைக்கப் பெரிய களம். புழுங்கல் அரிசிக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கிணற்றின் அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு உள்ளே மோட்டார் வைத்தார்கள். ஐந்து குதிரை மோட்டார் என்று கொழுந்தனார் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடியது. நிழல் வந்ததும் நிற்கும். ஒரு வருஷம் நன்றாகவே போனது. கையடித்துக் கொடுத்தவர் வாக்கில் நின்றார்.

பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் சின்ன வயசு, கண்ணாடி போட்டவர், சைக்கிளில் வருவார். அவர் வந்த வாரமே மோட்டார் தினம் ஓட ஆரம்பித்தது. நிழல் வந்தும் ஓடியது. நான் போய்க் கேட்டேன்.

“சார், இன்னிக்கு எங்க மொறை.”

“மொறையா? அப்படி ஒண்ணும் ஃபைல்ல இல்லியேம்மா.”

“பழைய மேனேஜரு கையடிச்சுக் குடுத்தாரு.”

“அவர் குடுத்திருப்பாரு. கம்பெனி குடுக்கலியே.”

“அவரு கம்பெனி இல்லியா?”

“அவரும் இல்ல, நானும் இல்லம்மா. நாங்கள்லாம் சம்பளத்துக்கு வேலை செய்யறவங்க.”

“அப்ப கம்பெனி யாரு?”

அவர் யோசித்தார். கெட்டவர் இல்லை. “நான் கம்பெனி இல்லம்மா. அது மட்டும் எனக்குத் தெரியும்” என்றார். “வேணும்னா மெட்ராசுக்கு எழுதிக் கேக்கறேன்.”

அதற்குப் பிறகு பத்துத் தடவையாவது போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். நான் கம்பெனி இல்லம்மா. கேட்டுக் கேட்டு எனக்கு அது மனதில் பதிந்துபோனது. இந்த ஆள் கம்பெனி இல்லை.

மாமனார் ஒரு நாள் காலையில் செத்துப்போனார். பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொழுந்தனார் எழுந்து மில்லுக்குப் போய்விட்டு வந்தார்.

“இன்னா சொன்னாரு?”

“கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டாராம் அண்ணி. பதில் வந்ததும் நிறுத்துவாராம்.”

அழுதுகொண்டிருந்த ஒரு கிழவி அழுகையை நிறுத்திவிட்டு இதைக் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு, “உங்க பங்காளிக்குக் காது கேக்காதாடி?” என்றாள். சாவு வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானம் மேனேஜர் சைக்கிளில் வந்தார். மாலை வாங்கி வந்திருந்தார். போட்டுவிட்டு என் பக்கம் வந்து, “இது என் சொந்த மாலைம்மா. கம்பெனி மாலை இல்ல” என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவருக்குச் சொல்லத் தோன்றியது. அவர் நின்ற நேரம் முழுக்க மோட்டார் ஓடியது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. அதற்கும் பத்து நாள் கழித்து ஒரு காலையில் சத்தம் இல்லை. மோட்டார் கெட்டுப்போனது என்று நினைத்துக் கிணற்றுக்குப் போனேன். மேனேஜர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம்.

“பர்மிசன் வந்துடுச்சும்மா.”

“எதுக்கு?”

“உங்க மாமனார் தவறினதுக்கு. ஒரு நாள் மோட்டாரை நிறுத்தலாம்னு கம்பெனி எழுதியிருக்குது.”

“கருமாதியே முடிஞ்சு போச்சு சார்.”

“தெரியும்மா. உத்தரவு நேத்து சாயந்தரந்தான் வந்துச்சு. அதான் இன்னிக்கு நிறுத்திட்டேன்.”

நான் காகிதத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ். ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். கொழுந்தனார் மாட்டைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். “நல்லதாப் போச்சு. ஊத்து ஊறும். இன்னிக்கு நாம ஓட்டிடலாம் அண்ணி.”

“வேணாம்” என்றேன்.

“ஏன்?”

“லேட்டா வுட்டாலும் துட்டிக்குன்னுதான் வுட்டிருக்கான். அன்னிக்கு நாம எப்படி ஓட்டறது?”

கொழுந்தனார் மாட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார். அன்று முழுக்க மோட்டாரும் ஓடவில்லை, மாடும் ஓடவில்லை. கிணறு சும்மா கிடந்தது.

மறுநாள் முதல் மோட்டார் மறுபடியும் தினம் ஓடியது. அந்த வருஷம் கடலை போட்டிருந்தோம். பூத்து விழுது இறங்குகிற நேரம். அப்போது மண் ஈரமாக இல்லாவிட்டால் விழுது மண்ணுக்குள் போகாது, காய் இருக்காது. எங்கள் முறையன்று சாலை இறக்கினால் சேற்றில்தான் முட்டியது. நான்கு சால் இறைத்தால் ஒரு சால் தண்ணீர். செடி மத்தியானத்தில் தலை தொங்கிப்போய் நிற்கும். சாயந்தரம்தான் நிமிரும். பிறகு சாயந்தரமும் நிமிரவில்லை.

ஒரு நாள் எங்கள் முறையன்று நானே கொட்டகைக்குள் போனேன். சுவரில் பீஸ் கட்டை இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மோட்டார் நின்றது. அன்று ஊறின தண்ணீரில் பாதி நிலம் பாய்ந்தது. மறுநாள் விடிந்ததும் கட்டையைக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு வந்தேன். அன்று அவர்கள் முறை.

இப்படி நான்கு முறை செய்தேன். மேனேஜர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை நான் செருகிக்கொண்டிருக்கும்போது, “பாத்தும்மா, ஷாக் அடிக்கும்” என்றார். அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவைக்கு முன்னால் கோர்ட்டு அமீனா வந்தார். சம்மன். நான் மேனேஜரிடம் போனேன்.

“கேசு போட்டுட்டீங்களா சார்?”

“நான் போடலம்மா. கம்பெனி போட்டிருக்குது.”

செஞ்சியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். வக்கீல் எங்களிடம் அதிகம் பேசவில்லை. அவருடைய குமாஸ்தாதான் பேசுவார். மெலிந்த மனிதர், பொடி போடுவார். சம்மனைப் படித்துக் காட்டினார். வாதி கம்பெனி, பிரதிவாதி நான். என் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்று என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. வயது முப்பத்திரண்டு என்று இருந்தது. கம்பெனியின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

கொழுந்தனார் கேட்டார். “அதுக்கு அப்பன் பேரு போடலியே?”

“அதுக்கு அப்பன் கிடையாதுப்பா.”

“வயசு?”

“வயசும் போட வேணாம்.”

“அப்பன் பேரும் இல்ல, வயசும் இல்லேன்னா அது எப்படிங்க கேசு போடுது? எங்க அண்ணி போட்டா புருசன் பேரு கேப்பீங்க இல்ல?”

குமாஸ்தா பொடியை உறிஞ்சிக்கொண்டார். “சட்டத்துல கம்பெனியும் ஒரு ஆளு. சொத்து வாங்கலாம், விக்கலாம், கேசு போடலாம். கோயில் நிலம் சாமி பேர்ல இருக்குதில்ல? சாமியும் சட்டத்துல ஒரு ஆளுதான். அந்த மாதிரி.”

“சாமியும் இதுவும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்ல. சாமி மைனர். அதுக்காக வேற ஒருத்தர் பாத்துக்கணும். கம்பெனி மேஜர்.”

“பொறந்தன்னைக்கேவா?”

“பொறந்தன்னைக்கே.”

“குடுத்து வெச்சது” என்றார் கொழுந்தனார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். “வாய்தா அன்னைக்கு ரெண்டு பேரும் வரணுமா?”

“ஆமாம்மா. ரெண்டு தரப்பும் ஆஜராகணும். கூப்பிடுவாங்க.”

அதில் எனக்கு ஒரு திருப்தி. ஒரு வழியாக அந்த ஆளைப் பார்க்கலாம். கிழவனோ குமரனோ, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

வாய்தா அன்று விடிகாலையிலேயே நடந்து போய்விட்டோம். கோர்ட்டு வளாகத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் உட்கார்ந்தோம். எங்கள் வக்கீலுக்கு வேறு ஊரில் வேலை, குமாஸ்தாதான் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரையும் காணோம். கொழுந்தனார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் வந்தால் கம்பெனி என்று அவர் நினைப்பு. கார் வரவில்லை. கண்ணாடி மேனேஜர் சைக்கிளில் வந்து, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கம்பெனி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெயில் ஏறினது. டவாலி வாசலில் வந்து நின்று கம்பெனியின் நீளப் பேரைக் கத்தினான். மூன்று தடவை. சுற்றிப் பார்த்தோம். மரத்தடியில் இருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு என் பேரைக் கத்தினான். என் வீட்டுக்காரர் பேரையும் சேர்த்து.

கொழுந்தனார் எழுந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“அண்ணி, கூப்புடறான்.”

“எதிராளி வரல.”

“வராட்டி இன்னா?”

“ஆளு இல்லாதப்ப அவன் மேல எப்படிப் பேசறது? பஞ்சாயத்துல பேசுவாங்களா?”

பேச மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் எதிராளி வராவிட்டால் எல்லோரும் வெற்றிலை போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவன் வருகிற வரைக்கும் வழக்குக்கு வாயே திறக்க மாட்டார்கள். வந்தவன் முந்திக்கொண்டு பேசினால் அவன் பக்கம் கோணல் என்று அர்த்தம். அது கொழுந்தனாருக்கும் தெரியும். உட்கார்ந்துவிட்டார். டவாலி மூன்றாவது தடவை கத்திவிட்டு உள்ளே போனான். நான் கொண்டுபோன சோற்றைப் பிரித்தேன். சாப்பிட்டோம்.

மேனேஜர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினார். “நீங்க ஏம்மா உள்ள வரல?”

“கம்பெனி வரலியே சார்.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான்தானேம்மா வந்தேன்.”

“நீங்க கம்பெனி இல்லேன்னீங்களே?”

சைக்கிளை மரத்தில் சாய்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கோர்ட்டுக்கு மட்டும் நான்தாம்மா கம்பெனி.”

என் தரப்பில் ஆள் வரவில்லை என்று தீர்ப்பு ஆகிவிட்டது. எக்ஸ்பார்ட்டி என்று அதற்குப் பேர். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். “மரத்தடியில குந்திக்கினு இருந்தியாம்மா? அது வராமலே ஆஜரு. நீ வந்தும் ஆஜர் இல்ல.” இனி கொட்டகைப் பக்கம் நான் கால் வைக்கக் கூடாது, மோட்டாரைத் தடுக்கக் கூடாது என்று காகிதம் வந்தது. அந்தக் கடலை காயாகவில்லை. பிடுங்கி மாட்டுக்குப் போட்டோம்.

என் கம்மல் போனது. அதை விற்ற காசில் ஒரு மனு போட்டு வழக்கைத் திரும்ப எடுக்கச் செய்தோம். அந்த முறை உள்ளே போனேன். முன்சீப் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“வெளிய இருந்தீங்களாமே, கூப்பிட்டப்ப ஏன் வரல?”

“எதிராளி வரலேன்னு இருந்தேங்கய்யா. அவன் இல்லாதப்ப அவன் மேல பேசறது எங்க ஊர்ல வழக்கம் இல்ல.”

கோர்ட்டில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுதினார். வழக்கை மறுபடி விசாரிக்கிறேன் என்றார். அவரிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

விசாரணை வருவதற்கே ஒரு வருஷம் ஆனது. அதற்குள் கண்ணாடி மேனேஜரையும் மாற்றிவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்திருந்தார். வந்து இரண்டு மாதம். அவர்தான் அன்று கம்பெனி. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். தண்ணீர் முறை பற்றி ஏதாவது பேச்சு உண்டா என்று கேட்டார்கள்.

“எனக்குத் தெரிஞ்சு அப்படி எதுவும் இல்லை.”

அவருக்குத் தெரியாதுதான். அவர் பொய் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரம் போட்ட கை. மாமனார் கையில் அடித்தது அந்தக் கை இல்லை.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் கேட்டார். எழுத்து இருக்கிறதா? இல்லை. கையடித்துக் கொடுத்ததைப் பார்த்தது யார்? நானும் கொழுந்தனாரும். வாங்கிக்கொண்டவர்? மாமனார், செத்துவிட்டார். கொடுத்த மேனேஜர் எங்கே? அதை நான்தான் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், விலாசம் இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிலத்தை விற்ற பங்காளி பெங்களூரில் மகன் வீட்டில் படுத்த படுக்கை. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று முன்சீப் கேட்டார்.

“ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க.”

“இவங்க ஆளு மாறி ஆளு வராங்க. குடுத்த வாக்கு மட்டும் ஆளோட போயிடுது. நெலம் போவலியே? கெணத்துல பங்கு போவலியே? அதெல்லாம் கம்பெனியோடதானே நிக்குது?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பதில் சொல்வார் என்று நினைத்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து ஏதோ இங்கிலீஷில் சொன்னார். முன்சீப்பும் இங்கிலீஷில் சொன்னார். இறங்கலாம் என்றார்கள். இறங்கினேன்.

தீர்ப்பைக் குமாஸ்தா மரத்தடியில் வைத்துச் சொன்னார்.

“நீ தோக்கலம்மா. ரெண்டு பேருக்கும் சம உரிமைன்னு போட்டிருக்காரு. கெணத்துல உனக்கு எவ்ளோ உரிமையோ அதுக்கும் அவ்ளோ. மொறைக்கு மட்டும் சாட்சி இல்ல. யாரு வேணாலும் எப்ப வேணாலும் எறைச்சுக்கலாம். ஒருத்தரை ஒருத்தர் தடுக்கக் கூடாது.”

“சமமா?” என்றார் கொழுந்தனார்.

“சமம்.”

“அதுக்கு அஞ்சு குதிரை. எங்களுக்கு ரெண்டு மாடு.”

குமாஸ்தா சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கிணற்றுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். சம உரிமைதான். எப்போது வேண்டுமானாலும் சாலை இறக்கலாம். இறங்கின சால் சேற்றோடு ஏறும். ஒரு பருவம் பார்த்தோம். பிறகு மாட்டை அனந்தபுரம் சந்தையில் விற்றோம். கொழுந்தனார் கட்டட வேலைக்குப் போனார். நான் மில்லுக்கே போனேன். களத்தில் நெல் காயவைக்கிற வேலை. ஊறவைத்து அவித்த நெல்லைக் கொட்டி, காலால் துழாவித் துழாவிக் காயவைக்க வேண்டும். வெயிலில் சிமெண்டு சுடும். குடிக்கத் தண்ணீர் தொட்டிக் குழாயில்தான். முதல் நாள் குடித்தவுடன் தெரிந்துவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

ஊரில் என்னைக் கம்பெனி ஆளு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். “கம்பெனி ஆளு போவுது பாரு” என்பார்கள். கோபப்படவில்லை. உண்மைதான். சட்டத்தில் அது ஒரு ஆள், நான் அதனுடைய ஆள்.

அதற்கு உரிமையே இருக்கக் கூடாது என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கினால் பங்கு உண்டு. ஆனால் எனக்குக் களைப்பாக இருந்தது. சண்டைக்காரனாக இருந்தாலும் எதிரே ஒரு முகம் இருந்தால் இவ்வளவு களைப்பு வராது. பழைய பங்காளியும் நாங்களும் பத்து வருஷம் பேசாமல் இருந்தோம். அதில் களைப்பு இல்லை.

இரண்டு வருஷம் வேலை செய்தேன். ஒரு நாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டு. காகிதம் ஒட்டியிருந்தது. மேனேஜர், அவர் நான்காவது, ஊருக்குப் போய்விட்டதாகக் காவல்காரர் சொன்னார். கடைத்தெருவில் குமாஸ்தாவைப் பார்த்தோம்.

“கம்பெனியைக் கலைச்சுட்டாங்கம்மா.”

“கலைச்சுட்டாங்கன்னா?”

“ஆளு செத்த மாதிரிதான்.”

“எப்ப?”

“மெட்ராசுல. ஒரு மாசம் ஆச்சாம்.”

கொழுந்தனார், “யாருங்க கொள்ளி வெச்சது?” என்றார். குமாஸ்தா அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். பங்கு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதைப் பெரிய கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று அவரே போகிற போக்கில் சொன்னார்.

கரண்டை வெட்டிவிட்டார்கள். கிணறு ஊற ஆரம்பித்தது. முதல் நாள் சேறு மறைந்தது. பத்து நாளில் கீழிருந்து நான்காவது படி மறைந்தது. தினம் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்றும் செய்ய மாட்டேன், பார்ப்பேன். பிறகு வல்லத்தில் இருக்கிற என் தம்பியிடம் போய் ஒரு பருவத்துக்கு மாடு கேட்டேன். கொடுத்தான். வடம் இற்றுப்போயிருந்தது, புதுசு வாங்கினோம். கடலை விதைத்து, முளைத்து, பூக்கிற நேரம் வந்தது. தண்ணீர் கட்ட வேண்டிய நாள்.

கொழுந்தனார் மாட்டைப் பூட்டினார். சாலைக் கிணற்று வாயில் தொங்கவிட்டார். பிறகு கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

“இன்னா?”

“இல்ல அண்ணி. பங்காளி செத்திருக்குதே. அதுக்குன்னு நாம ஒரு நாள் வுடல. நைனாவுக்கு அது ஒரு நாள் வுட்டுச்சு.”

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் கடலைக் கொல்லையைப் பார்த்தேன். மண் வெளுத்திருந்தது. செடி பூத்திருந்தது.

“அது எப்ப வுட்டுச்சு?” என்றேன்.

“லேட்டா வுட்டுச்சு.”

“நாமளும் லேட்டா வுடலாம். இன்னிக்கு ஓட்டு.”

மாடு முன்னே போனது. சால் நிறைய ஏறி வந்து கொட்டியது. மலை நிழல் மேட்டைத் தொட்டதும் அவிழ்த்தோம்.

அந்த வருஷம் கடலை நன்றாகக் காய்த்தது. பிடுங்கி முடித்து, அடுத்துக் கேழ்வரகு நட்டு, அது வேர் பிடித்த பிறகு, ஒரு நாள் கவலை கட்டவில்லை. கொழுந்தனார் மாட்டை மேய ஓட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் இருந்தேன்.